வாழ்நாள் ஆயில்

என் கணவர் செருப்புக் காலோடு காருக்குள் ஏற மாட்டார். எங்கள் பக்கத்தில் நிறைய டிரைவர்கள் இப்படித்தான். சோறு போடுகிற வண்டி, அதன் மேல் செருப்பை வைக்கக்கூடாது என்பது பாதிக் காரணம். மீதிக் காரணத்தை அவர் வேறு மாதிரி சொல்வார். "வெறுங்கால்ல மிதிச்சாத்தான் பெடல் என்ன சொல்லுதுன்னு தெரியும். செருப்போட மிதிக்கிறது காதுல பஞ்ச வச்சுக்கிட்டுப் பாட்டுக் கேக்குற மாதிரி." கல்யாணமான புதிதில் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

மோட்டார் பம்பு விற்கிற கம்பெனியில் அவருக்கு வேலை. மேலூர், திருவாதவூர், அழகர்கோவில் என்று சுற்றுவட்டாரத்தில் கிணறு இருக்கிற இடமெல்லாம் அவர் கார் போயிருக்கும். இருபது வருடம் அலைந்தார். கூடவே சர்க்கரையும் அலைந்தது. இடது காலில் வந்த ஒரு கொப்புளத்தை, "அது தன்னால ஆறிரும், சும்மா இரு" என்று சொல்லிக்கொண்டே திரிந்தார். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக்கால் மாட்டிவிட்டார்கள். வேலை போனது. அவர் அழுதது அந்த இரண்டுக்கும் இல்லை. கிளட்ச் மிதிக்க முடியாது என்று பழைய காரை விற்ற அன்றைக்குத்தான் அழுதார்.

பிறகு தானே தேடி அலைந்து ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கிவந்தார். கிளட்ச் கிடையாது, இடது காலுக்கு வேலையே இல்லை. வண்டி வாசலுக்கு வந்த அன்று அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "இதுக்கு ஒத்தக் கால் போதும் டீச்சரம்மா" என்றார். நான் திருவாதவூரில் கணக்கு டீச்சர். வீடு மதுரையில் பைபாஸ் ரோட்டுப் பக்கம். காலையில் கொண்டுபோய் விடுவார், சாயங்காலம் வந்து நிற்பார். நான் பஸ்ஸில் போய்க்கொள்வேன் என்று ஒரு தடவை சொன்னதற்கு, "அப்ப நான் எதுக்கு? மூலைல உக்கார வச்சு மூணு வேளையும் சோறு போடு" என்றார். அதற்குப் பிறகு நான் பஸ் பேச்சை எடுத்ததில்லை. அந்த ஸ்டியரிங்கை விட்டால் அவருக்குப் பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்தக் காரும் ஒருநாள் தகராறு பண்ண ஆரம்பித்தது. கோரிப்பாளையம் சிக்னலில் பச்சை விழும், வண்டி கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும், பின்னால் இருப்பவன் ஹாரனை அடித்துக் கிழிப்பான், அப்புறம் திடீரென்று தூக்கிப் போட்டு முன்னால் பாயும். ஒரு நாள் முன்னால் நின்ற ஷேர் ஆட்டோவை இடிக்க ஒரு சாண்தான் பாக்கி. "ஜெர்க் அடிக்குது பாத்தியா? பாத்தியா?" என்று ஒவ்வொரு தடவையும் என்னிடம் கேட்பார். நான் பார்த்தது வேறு. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் தலையைக் குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் பார்க்கிறார் என்று நினைத்துத் திட்டுவேன். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க, போன அப்புறம் நோண்டலாம்." அவர் நிமிர்ந்து சிக்னலைப் பார்ப்பார்.

கம்பெனி சர்வீஸுக்கு விட்டோம். அங்கே ஒரு தம்பி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணும் இல்லையே சார், நல்லாத்தான் போகுது" என்றான். இவர் விடவில்லை. கியர் பாக்ஸ் ஆயிலை மாற்றச் சொன்னார். அது சீல் பண்ணியது, வாழ்நாள் முழுவதற்கும் ஒரே ஆயில், மாற்றத் தேவையில்லை என்றார்கள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இவருக்கு அதே பேச்சு. "வாழ்நாள் ஆயிலாம்! யாரு வாழ்நாளு? வண்டி வாழ்நாளா, அவய்ங்க வாழ்நாளா, என் வாழ்நாளா?" அவன் ஓட்டும்போது ஜெர்க் அடிக்கவில்லையே என்று கேட்டேன். "வண்டிக்கு ஆளு தெரியும்டி. நம்மகிட்டதான் அடிக்கும்" என்றார்.

தெரு முனையில் இருக்கும் மெக்கானிக்கும் கையை விரித்துவிட்டார். "அண்ணே, பழைய ஆயில எடுத்தம்னா கியர் பாக்ஸே உக்காந்தாலும் உக்காந்துரும். ஓடுற வரைக்கும் ஓடட்டும்ணே. நான் இதுல கைய வைக்க மாட்டேன்." அன்றைக்குச் சாயங்காலமே இவர் முடிவு பண்ணிவிட்டார். வீட்டிலேயே மாற்றுவது. ராத்திரி பகலாகப் போனில் வீடியோ பார்த்தார். ஆயில், வாஷர், நீளமான புனல், கியர் பாக்ஸ் சூட்டைப் போனில் காட்டுகிற ஒரு சின்னக் கருவி எல்லாம் பார்சலில் வந்து இறங்கின. ஒத்தைக் காலை வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் எப்படிப் போவீர்கள் என்று கேட்டேன். என்னைப் பார்த்தார். பார்த்த பார்வையிலேயே புரிந்துவிட்டது. ஐம்பது வயதில், அவருடைய பழைய சட்டையும் டிராக் பேண்ட்டும் போட்டுக்கொண்டு காருக்கு அடியில் மல்லாக்கப் படுக்க வேண்டும் என்பது என் தலையில் எழுதியிருக்கிறது, வேறென்ன.

பள்ளிக்கூடம் லீவு, கத்திரி வெயில் நேரம். விடிவதற்குள் தொடங்கிவிட வேண்டும் என்றார். காரணம் உண்டு. அந்த கியர் பாக்ஸில் அளவு பார்க்கக் குச்சி கிடையாது. இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் கைச்சூட்டில் இருக்கும்போது அடியில் இருக்கும் அளவு மூடியைத் திறந்தால், கூடுதலாக இருப்பது வழிந்து தானாக நின்றுவிடும். சூடு ஏறிவிட்டால் ஆயில் பொங்கும், அளவு தப்பாகும். மதுரை வெயிலில் பத்து மணிக்கு மேல் கார் சும்மா நின்றாலே கொதிக்கும். அதனால் குளிர்ச்சியாக இருக்கும்போதே எடுத்து, எடுத்ததை அளந்து, அதே அளவுக்குப் புது ஆயிலை ஊற்றிவிட வேண்டும். அப்படிச் செய்தால் மூடியைத் திறந்து பார்ப்பது பேருக்குத்தான் என்று அவர் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை முன் வாசல் சிமெண்டுத் தரையில் நிறுத்தி, நாலு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்துத் தூக்கினோம். கற்பூரம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் சுற்றினார். நான் கோணிச்சாக்கை விரித்து அடியில் போனேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கட்டளை போட்டார். "மொதல்ல மேல ஊத்துற மூடி கழருதான்னு பாத்துட்டேன். இப்ப கீழ உள்ள வடி மூடியக் கழட்டு. எடது பக்கம் திருப்பு. உன் எடது இல்ல, மூடிக்கு எடது." நான், "வாங்க, வந்து நீங்களே படுங்க" என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் பிளாஸ்டிக் பேசினை அடியில் என் பக்கம் தள்ளிவிட்டார்.

மூடி கழன்றது. ஆயில் முழங்கை வழியாகச் சட்டைக்குள் கொஞ்சம் இறங்கி, பிறகு பேசினில் விழுந்தது. அவர் மேலிருந்து அவசரமாகக் கேட்டார்.

"கருப்பா வருதா?"

போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். மாதுளம்பழச் சாறு மாதிரி இருந்தது.

"செவப்பா வருதுங்க."

"டார்ச்சுல அப்படித்தான் தெரியும். கருகுன வாடை அடிக்குதா?"

"ஒரு வாடையும் இல்ல."

"உனக்கு மூக்கடைப்பு. சொட்டி முடியட்டும், வெளிய எடு. நான் பாக்குறேன்."

சொட்டி முடிக்க நேரமானது. அதற்குள் அவர் ஊசி போட்டுக்கொள்ளும் நேரம் வந்துவிட்டது. இன்சுலின் போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும். பேசினை கேட் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, கையைக் கழுவி, அவருக்கு இட்லி எடுத்துவைக்க உள்ளே போனேன். அவரும் வந்து சாப்பிட்டார். திரும்பி வந்து பார்த்தால் பேசின் அங்கே இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா வீட்டில் கரையான். வாசல் நிலையை அடியிலிருந்து தின்றுகொண்டு வருகிறது. கழிவு ஆயில் தடவினால் கரையான் அண்டாது என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எந்த மெக்கானிக் கடையில் போய்க் கேட்டாலும் ஒரு டப்பாவில் ஊற்றித் தருவார்கள். இவர் ஆயில் மாற்றப் போகிறார் என்று தெரிந்ததுமே அந்த அக்கா, "அண்ணே, கழிவ எனக்குத் தாங்கண்ணே" என்று சொல்லி வைத்திருந்தார். இவரும் "எடுத்துக்கத்தா" என்றிருந்தார். அளக்க வேண்டும் என்று அந்த அக்காவுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை.

நான் ஓடினேன். அக்கா பழைய பனியன் துணியை முக்கி முக்கி நிலை முழுக்கத் தடவி முடித்திருந்தார். மிச்சத்தை அடியில் குழி தோண்டி ஊற்றிவிட்டார். "என்ன தங்கச்சி, இம்புட்டு நல்லாருக்கு இந்த ஆயிலு! பெயிண்டு அடிச்ச மாதிரில்ல இருக்கு" என்றார். அப்போது வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது. நிலை குங்குமம் பூசியது போலச் செக்கச் சிவந்து நின்றது. டார்ச்சும் இல்லை, மூக்கடைப்பும் இல்லை. இது கெட்டுப்போன ஆயில் கிடையாது. கெட்டது கருப்பாக இருக்கும், கருகிய வாடை அடிக்கும் என்று அவரே எனக்குப் பத்துத் தடவை வாசித்துக் காட்டியிருக்கிறார். எங்களுக்கு முந்தி வண்டி வைத்திருந்தவர் மாற்றியிருப்பார். அப்படியென்றால் ஜெர்க் எங்கிருந்து வருகிறது? அந்தக் கேள்வியோடு அங்கேயே நின்றேன். அக்கா என்னவோ கேட்டார், காதில் விழவில்லை.

வந்து சொன்னேன். அளவு போய்விட்டது என்று கத்துவார் என்று நினைத்தேன். அதற்குக் கத்தவே இல்லை. "நல்லா செவப்பாத்தான் இருக்கு, போய் நிலையப் பாருங்க" என்றதும்தான் கத்தினார்.

"உனக்கு என்னடி தெரியும் ஆயிலப் பத்தி? கணக்கு டீச்சர்னா கணக்கோட இரு. நான் என்ன பொய்யா சொல்றேன்? வண்டி ஜெர்க் அடிக்குதா இல்லையா? நீயுந்தான பாத்த!"

கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஒரு பேசின் ஆயிலுக்கு இவ்வளவு கோபமா என்று இருந்தது. எனக்கும் ஏறியது. "ஆமா, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

இனி அளவு மூடியைத் திறந்து பார்ப்பதுதான் ஒரே வழி. வடி மூடியை முறுக்கிவிட்டு, குத்துமதிப்பாகப் புது ஆயிலை ஊற்றினோம். அவர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார். என்னை வெளியே வரச்சொல்லி, இன்ஜினைப் போட்டு, பிரேக்கை மிதித்து ஒவ்வொரு கியராகத் தள்ளினார். பிறகு பார்க் கியரில் போட்டார், நான் அடியில் போனேன். மூடியைத் திறந்தால் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. குறைவு. மூடி, வெளியே வந்து, இன்னும் ஊற்றி, மறுபடியும் கியர்களைத் தள்ளி, மறுபடியும் அடியில் போவதற்குள் போனில் சூடு அளவைத் தாண்டிவிட்டது. இன்ஜினை அணைத்து ஆறவிட்டோம். கத்திரி வெயிலில் எது ஆறும்? வீட்டு நிழல் சுருங்கிச் சுருங்கிச் சுவரோரம் போய்விட்டது. நான் பிடிவாதமாக அடியிலேயே படுத்திருந்தேன். அவர் கதவைத் திறந்துபோட்டு, சீட்டு விளிம்புக்கு நகர்ந்து, வலது காலை வெளியே தரையில் ஊன்றி, போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். காருக்கு அடியிலிருந்து பார்த்தால் எனக்குத் தெரிந்தது அந்தக் கால் மட்டும்தான்.

தண்ணீர் தாகம் எடுத்தது. வெளியே உருண்டு வந்து எழுவதற்காகத் தரையில் கையை ஊன்றினேன். அலறிக்கொண்டு எடுத்துவிட்டேன். அடுப்பில் கிடக்கிற தோசைக்கல்லில் வைத்த மாதிரி இருந்தது. உள்ளங்கையை ஊதிக்கொண்டே நிமிர்ந்தால், என் கைக்குப் பக்கத்திலேயே அவர் வெறுங்கால். முழு வெயிலில், அதே சிமெண்டில், அழுத்தி ஊன்றியிருந்தது.

"கால எடுங்க!"

போனிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"ஏன்?"

அந்த ஒரு சொல் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. நான் இரண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கினேன். உள்ளங்காலில் தோல் வெளுத்து உப்பி, குதிகால் பக்கம் கழன்று தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் எட்டிப் பார்த்தார். வலியில் முகம் சுளிக்கவில்லை. வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலத்தான் பார்த்தார். அப்போது எனக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. சிவப்பு நிலை, சர்வீஸ் தம்பி ஓட்டும்போது அடிக்காத ஜெர்க், சிக்னலில் குனிகிற தலை. அவர் போனைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்திருக்கிறார்.

வண்டியை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போனோம். டாக்டர் புண்ணுக்கு மருந்து வைத்துவிட்டு, கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். தெரியும்போது சொல்லச் சொன்னார். இவர் "ம்" என்றார், "ம்" என்றார். டாக்டர் தொடாதபோதும் "ம்" என்றார். பரீட்சையில் காப்பி அடிக்கிற பிள்ளைகளை எத்தனை வருடமாகப் பார்க்கிறேன். பார்த்ததும் தெரிந்துவிடும். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, "வண்டி ஓட்டுறாரா?" என்று கேட்டார். இவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று அந்தக் கண் கெஞ்சியது. முப்பது வருடத்தில் அவர் என்னிடம் கெஞ்சியதே இல்லை.

"ஓட்டுனாரு. இனிமே ஓட்ட மாட்டாரு" என்றேன்.

வெளியே வந்து நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். கட்டுப்போட்ட காலை நீட்டியபடி அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். அவராகத்தான் பேசினார்.

"தீவாளிக்கு முன்னாடியே போச்சு. மிதிச்சிருக்கனா இல்லையான்னு தெரியாது. குனிஞ்சு பாத்துப் பாத்துத்தான் மிதிப்பேன்."

"தெரிஞ்சுதான் என்னைய ஏத்திக்கிட்டுப் போனீங்களா?"

"ஆயிலா இருக்கும்னு நெனச்சேன்." கால் கட்டைத் தடவிக்கொண்டே, "ஆயிலா இருந்துறணும்னு நெனச்சேன்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பள்ளிக்கூட வாசலில் எங்கள் பிள்ளைகள் கும்பல் கும்பலாக ரோட்டைத் தாண்டும். இவர் அந்தக் கும்பலுக்கு நடுவில், எங்கே இருக்கிறது என்றே தெரியாத காலை வைத்துக்கொண்டு வண்டியை நிறுத்தியிருக்கிறார். காலையில் நான் அடியில் படுத்துக் கிடக்க, மேலே அந்தக் கால் இருந்திருக்கிறது. கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழத்தான் முடிந்தது. ஆஸ்பத்திரியில் போவோர் வருவோர் எல்லாம் பார்த்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும்.

பக்கத்து வீட்டு அக்கா இன்றைக்கும் மருகுவார். "நான் அந்தப் பேசினத் தொடாம இருந்திருந்தா வெயிலுக்கு முன்னாடியே வேலை முடிஞ்சிருக்கும், அண்ணன் கால் வெந்திருக்காது" என்பார். உண்மைதான். வேலை நேரத்தோடு முடிந்திருக்கும். பள்ளிக்கூடம் திறந்ததும் அவர் வழக்கம்போல என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருப்பார். அதற்கு மேல் நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. அக்காவிடம் நான் இதையெல்லாம் விளக்கியதில்லை. நிலையைக் கரையான் விட்டதா என்று மட்டும் கேட்பேன்.

கால் தப்பியது, இரண்டு விரல்கள் தப்பவில்லை. புண் ஆற மாதக்கணக்கானது. வண்டியைத் தெரு முனை மெக்கானிக் வந்து ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். மூடியைத் திறந்து அளவு சரிபார்த்து, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "ஒண்ணும் பண்ணலயேக்கா, சூப்பராப் போகுது" என்றார். என் கணவர் படுத்திருந்த அறைக்குள் அது கேட்டிருக்கும். நான் சத்தத்தைக் குறைக்கச் சொல்வதற்குள் சொல்லிவிட்டார்.

பிறகு நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து ஓட்டக் கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் வந்த பிறகும் அவர் என்னோடு வண்டியில் ஏறவில்லை. கூப்பிட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். டிரஸ்ஸிங்குக்குப் போக வேண்டிய ஒரு நாள் ஆட்டோ கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல்தான் வந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த, பட்டை வைத்த செருப்பை எந்நேரமும் போட்டிருக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. கதவோரம் நின்று அந்தச் செருப்பையே பார்த்தார். பிறகு டேஷ்போர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முதல் தடவையாகச் செருப்புக் காலோடு ஏறி, எனக்கு இடது பக்கம் உட்கார்ந்தார்.

கோரிப்பாளையத்தில் மேம்பால வேலை, எப்போதும்போல நெரிசல். சிக்னலில் நின்றோம். பச்சை விழுந்து, கொஞ்சம் நகர்ந்து, மறுபடியும் சிவப்பு விழுந்து நின்றோம். வண்டி வழுக்கிக்கொண்டு போய் வழுக்கிக்கொண்டு நின்றது. அவர் முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"ஜெர்க் அடிக்குதா?"

ஆமாம் என்று பொய் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது.

"இல்லங்க."

தலையைக் குனிந்து தன் காலைப் பார்த்தார். வேட்டியை இழுத்து அதை மூடினார்.

"பாத்தியா, ஆயில மாத்துனது நல்லதாப் போச்சு" என்றார்.

"ஆமாங்க" என்றேன். பச்சை விழுந்தது, வண்டியை எடுத்தேன்.